சிவராத்திரிக்கு முதல்முறையாக முழு இரவும் இருக்கப் போகிறேன். கோயிலிலா, வீட்டிலா, எப்படி?

கொக்குவில்_பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை மகா சிவராத்திரி 2026 பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. எங்கள் வீட்டு வழக்கம், பின்னேரம் தோய்ந்து கோயிலுக்குப் போய் முதலாம் சாமப் பூசை பார்த்து, திருநீறு வாங்கிக்கொண்டு வந்து பத்து மணிக்கு முன்னமே படுத்துவிடுவது. விடியும்வரை நான் ஒருமுறைகூட இருந்ததில்லை.

கொஞ்சக் காலமாக விடியப்புறம் எழும்பி, சாமியறையில் பாய் போட்டு இருந்து, பஞ்சாட்சரம் சொல்லிக் கண்ணை மூடி இருந்து பழகி வருகிறேன். அரை மணித்தியாலம் இருப்பேன், சில நாள் அதற்கும் கூட. அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அதனால்தான் இந்தச் சிவராத்திரிக்கு நான்கு சாமமும் நித்திரை கொள்ளாமல், முடிந்த அளவு தியானத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது என் குழப்பம் இதுதான். வீட்டில் தனியாக இருந்தால் பன்னிரண்டு மணிக்கே கண் சொருகிவிடும் என்று பயம். கோயிலுக்குப் போனால் ஸ்பீக்கர் சத்தம், சனம், நாடகம், பட்டிமன்றம், இதற்குள் எங்கே இருந்து தியானம் பண்ணுவது? வேலையிடத்தில் ஒரு அண்ணை மன்னாரில் உள்ள திருக்கேதீஸ்வரத்துக்கு வா, சேர்ந்து போவோம் என்கிறார், முதல்முறை இருக்கிற ஒருவனுக்கு அது சரிவருமா? சாப்பாடு முழுக்க விட வேண்டுமா, பால் பழம் எடுக்கலாமா? திங்கள் காலை எட்டரைக்கு வேலைக்கு நிற்க வேண்டும், அதுவும் இருக்கிறது.

இன்னொன்று. நான் இருக்கப் போகிறேன் என்றதும் அம்மாவும் வருகிறேன் என்கிறா. அவவுக்குச் சலரோகம் (நீரிழிவு), குளிசை போடுகிறா. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, சரி வாங்கோ என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.


பருத்தித்துறை_அக்கா:

தம்பி, நல்ல ஆசை. கோயிலுக்கே போங்கோ என்றுதான் நான் சொல்வேன். தனியாக வீட்டில் இருந்து நான்கு சாமமும் கடத்துவது பழகியவர்களுக்கே கஷ்டம், முதல்முறை இருப்பவருக்கு மணிச் சத்தமும் பக்கத்தில் நாலு சனமும் பெரிய துணை.

சிவராத்திரி இரவு எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி போய்விடும். முதலாம் சாமத்துக்கு ஊரே நிற்கும், கால் வைக்க இடம் இருக்காது, பிள்ளைகள் ஓடித்திரியும், அந்த நேரத்தில் கண்ணை மூடி இருக்க நினைக்க வேண்டாம், அபிஷேகத்தை வடிவாகப் பாருங்கோ. ஒன்பது மணிக்குப் பிறகு கொஞ்சம் கலையும். நடுநிசியில் வரும் இலிங்கோற்பவ பூசைக்குத் திரும்பச் சனம் சேரும். அது முடிந்து தீபாராதனை காட்டிய கையோடு எல்லோரும் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள், ஒரு மணிக்குக் கோயிலில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அந்த மூன்றாம் சாமம்தான் உங்களுக்குரிய நேரம். உள்வீதியில் ஒரு தூணடியில் இருந்தால் ஒருவரும் உங்களைத் தட்டமாட்டார்கள். நான் வருடா வருடம் அந்த நேரத்துக்காகவே போகிறேன்.

ஒரே இருப்பில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அரை மணி இருங்கோ, கால் விறைத்தால் எழும்பி மனத்துக்குள் நாமம் சொல்லிக்கொண்டு வீதி சுற்றுங்கோ, கிணற்றடியில் முகம் கழுவுங்கோ, திரும்ப வந்து இருங்கோ. அபிஷேகத்துக்கு மணி அடித்தால் போய் நில்லுங்கோ. அப்படியே விடிந்துவிடும். மாசிப் பனி சும்மா இல்லை, கருங்கல் நிலம் விடியப்புறம் ஐஸாகக் குளிரும், ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேறு இருப்பீர்கள், அதனால் ஒரு தடித்த சால்வையும் இருக்கிறதற்கு நாலாக மடித்த பழைய பெட்சீற் ஒன்றும் கட்டாயம். நுளம்பு கடிக்கும், அதற்கும் அந்தச் சால்வைதான்.

இன்னொரு விஷயம், கையில் ஏதாவது தொண்டு எடுத்துக்கொள்ளுங்கோ. எங்கள் கோயிலில் வில்வம் துப்புரவாக்குவது பெண்களின் வேலை. சதுர்த்தசி அன்று வில்வம் பிடுங்கக்கூடாது என்பதால் முதல் நாளே கொப்போடு முறித்துக்கொண்டு வந்து குவித்திருப்பார்கள். அதில் பூச்சி அரித்த இலை, ஓட்டை விழுந்தது, மூன்று இதழில் ஒன்று உதிர்ந்தது எல்லாம் கழிக்க வேண்டும், முள்ளுக் கையைக் கீறும், காம்படியில் தடித்த கணுவைக் கிள்ளிவிட்டு ஈரத்துணியால் துடைத்துத் தாம்பாளத்தில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு இலைக்கும் ஒரு நமசிவாய. இரண்டாம் சாமம் முழுக்க எனக்கு இதிலேயே போகும், நித்திரை கிட்ட வராது. ஆண்கள் அபிஷேகத்துக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கலாம், குருக்கள் ஐயாவிடம் முதலே கேட்டு வையுங்கோ, சந்தோசமாகச் சேர்ப்பார்.


ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தம்பி, நீர் கேட்டதில் சாப்பாட்டுக் கேள்விக்கு எங்கள் ஊர் ஆறுமுக நாவலரே பதில் எழுதிவைத்திருக்கிறார். சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில் சிவராத்திரி விரதம் பற்றி வரும் இடத்தை ஒருமுறை எடுத்து வாசியும். ஒன்றும் உண்ணாமல் உபவாசம் இருப்பது உத்தமம், நீரோ பாலோ எடுப்பது மத்திமம், பழம் அதற்கும் கீழே, தோசை முதலிய பலகாரம் எல்லாவற்றுக்கும் கடைசி. படி இறங்க இறங்கச் சிறப்புக் குறைகிறது, ஆனால் எந்தப் படியிலும் ஆளை வெளியே தள்ளவில்லை. உம்முடைய உடம்புக்கு எது இயலுமோ அதை முதலே முடிவு செய்துகொள்ளும். நடுச்சாமத்தில் பசி வந்த பிறகு முடிவு எடுக்கப் போனால் மனம் சாப்பாட்டிலேயே நிற்கும்.

அதே இடத்தில் இன்னொரு விதியும் சொல்கிறார், அதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு சாமமும் நித்திரை ஒழிக்க இயலாதவர் இலிங்கோற்பவ காலம் நீங்கும் வரைக்குமாவது விழித்திருக்க வேண்டும் என்கிறார். உம்முடைய தாயாருக்கு இந்த விதி போதும். அவ அதுவரை இருந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், விரதம் பங்கப்படாது.

இலிங்கோற்பவ காலம் எது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து நேரம் சொல்வார்கள், கணக்கு இதுதான். இரவு 30 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு சாமத்துக்கு ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணித்தியாலம். இரவு பதினான்கு நாழிகை கழிந்த பிறகு வரும் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, இலிங்கோற்பவ காலம். சூரியன் ஆறு மணிக்குப் படுகிறது என்று வைத்தால் 11.36 முதல் 12.24 வரை. சரியாக நடுநிசியை நடுவில் வைத்து, இரண்டாம் சாமம் முடிந்து மூன்றாம் சாமம் தொடங்குகிற சந்தியில் வருகிறது. மாசியில் இங்கே பொழுது படுவது ஆறேகால் தாண்டித்தான், அதனால் சில கோயில்களில் கொஞ்சம் பிந்தியும் வைப்பார்கள். உம்முடைய கோயில் விளம்பரத்தில் உள்ள நேரத்தைப் பாரும்.

பிரமாவும் விட்டுணுவும் அடிமுடி தேடிக் காணாமல் நின்ற சோதி வெளிப்பட்ட நேரம் அது. கருவறையின் பின்சுவரில், மேற்குப் பக்கமாக, இலிங்கோற்பவர் மாடத்தைக் கண்டிருப்பீர், மேலே அன்னமும் கீழே பன்றியும் இருக்கும். எல்லோரும் முன்னால் மூலஸ்தானத்தை முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். பூசை முடிந்ததும் அந்த மாடத்துக்கு முன்னால் போய் இரும். தியானத்துக்கு அந்த வடிவத்தைவிட வேறு என்ன வேண்டும், உயர்ந்து போனவருக்கும் எட்டவில்லை, தோண்டிப் போனவருக்கும் எட்டவில்லை, நின்ற இடத்தில் நின்று வணங்கியவருக்குக் கிடைத்தது.

சாமத்துக்குச் சாமம் அபிஷேகமும் நைவேத்தியமும் மாறும் என்பதையும் தெரிந்து வைத்திரும். பெரும்பாலும் முதலாம் சாமம் பஞ்சகவ்வியம், இரண்டாவது பஞ்சாமிர்தம், மூன்றாவது தேன், நான்காவது கருப்பஞ்சாறு. கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் வேறுபடும். இப்போது எந்தச் சாமம், அடுத்து என்ன என்ற ஞாபகம் இருந்தால் மனம் அலையாது.

இடையில் ஓதுவதற்குத் திருவாசகம் கொண்டு போம். 51 பகுதி, நிதானமாக ஓதினால் ஒரு இரவுக்குள் முழுவதும் முடிக்கலாம், முடியாவிட்டால் சிவபுராணமும் திருவண்டப்பகுதியும் போதும். கண் முழிக்க வேண்டும் என்பதற்காகப் படம் பார்ப்பது, சீட்டு விளையாடுவது, ஊர்ப் பெடியங்கள் படலையைக் கழற்றிக்கொண்டு போய் இன்னொரு வீட்டு வாசலில் வைப்பது, இதெல்லாம் வெறும் நித்திரை முழிப்பு. நாவலர் சொன்னது நித்திரை இன்றிச் சிவபூசை செய்வதை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.


நல்லூரடி:

அக்காவும் ஐயாவும் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் தம்பி கேட்டது தியானத்தைப் பற்றி. அதற்கு நேரான பதில் வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

இப்போது பல கோயில்களில் சிவராத்திரி இரவு தியானத்துக்கு உகந்ததாக இல்லை. எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கோயிலில் நாலு பக்கமும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, விடியும்வரை ஒன்று மாறி ஒன்றாக நிகழ்ச்சி. ஒலிவாங்கி பிடித்தவர் இடைவேளை விடாமல் உபயகாரர் பெயர் வாசிக்கிறார். ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு இருக்க வந்த வயதுபோன ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு இருப்பதை நானே கண்டேன். நிர்வாகத்திடம் போய்க் கேட்டபோது, நிகழ்ச்சி இல்லாவிட்டால் சனம் நிற்காது என்றார்கள். சனம் நிற்பதற்கா சிவராத்திரி? சிவன் கோயிலில் வருடத்தில் ஒரு இரவாவது சத்தம் இல்லாமல் இருக்க விட வேண்டும் என்று கேட்பது பெரிய கேள்வியா? இலிங்கோற்பவ காலத்தில் அந்த 48 நிமிடமாவது குழாயை நிற்பாட்டுங்கோ என்று ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் எழுதிக் கொடுக்க வேண்டும், நான் கொடுத்திருக்கிறேன், இந்த முறையும் கொடுப்பேன்.

ஆகவே தம்பி, கோயிலைத் தெரிவு செய்வதுதான் முதல் வேலை. இந்தக் கிழமையே ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிட்ட உள்ள சிவன் கோயில்களுக்குப் போய், அன்றிரவு என்ன நிகழ்ச்சி, குழாய் கட்டுவார்களா, மூன்றாம் சாமத்துக்கு உள்வீதி திறந்திருக்குமா என்று கேளும். வண்ணை வைத்தீஸ்வரன் கோயில் உமக்குத் தூரம் இல்லை. கீரிமலை நகுலேஸ்வரத்தில் கடல் பக்கத்தில் இருப்பதே ஒரு தியானம், ஆனால் சிவராத்திரியை ஒட்டி அங்கே மகோற்சவம் நடக்கிற காலம், சனம் நிறைய வரும், அதையும் யோசித்துக்கொள்ளும். பெரிய பெயர் இல்லாத சின்னச் சிவன் கோயில் கிடைத்தால் அதுதான் உத்தமம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இப்படி இருக்க ஆசைப்படுகிறவர் யோகர் சுவாமிகளை நினைக்காமல் இருக்க முடியாது. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளிடம் பெற்றதை, கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் இருந்து 1964 வரை வந்தவர் போனவர்களுக்கெல்லாம் கொடுத்தவர். சும்மா இரு என்பதுதான் அவர் சொன்ன சாதனை. காங்கேசன்துறை வீதியில் உள்ள சிவதொண்டன் நிலையத்துத் தியான மண்டபத்துக்கு ஒருமுறை போய்ப் பாரும். உள்ளே ஒருவரும் கதைக்கமாட்டார்கள். சத்தமில்லாத ஒரு இடத்தில் நாலு பேரோடு சேர்ந்து இருந்தால் என்ன வித்தியாசம் என்பது சிவராத்திரிக்கு முதலே தெரிந்துவிடும், அந்த இருப்பை அன்றிரவுக்குக் கொண்டு போகலாம்.

இருக்கும்போது ஒன்றைக் கவனியும். விடியப்புறம் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் உடம்பு விழுத்தும். உடம்புச் சூடு இறங்கும் நேரம், யாருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் கண்ணை முழுக்க மூடினால் நித்திரையைத் தியானம் என்று நினைத்துக்கொண்டு இருப்பீர். பாதிக் கண் திறந்து, தீபத்தைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்து ஜெபம் செய்யும். முள்ளந்தண்டு நேராக இருக்கட்டும், தூணில் சாய்ந்தால் சரி போயிற்று.


மன்னார்_றோட்:

திருக்கேதீஸ்வரம் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான் சொல்கிறேன். சிவராத்திரி என்றால் இந்த நாட்டில் முதல் பெயர் அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி போய், மன்னார் வீதியில் நேரே போகலாம், அன்றைக்கு விசேட பஸ்ஸும் ஓடும், ஆனால் திரும்பி வரும்போது ஏறுவது பெரும்பாடு.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கீசர் இடித்து மண்ணாக்கிக் காடு மூடிக் கிடந்த இடத்தை, இங்கே ஒரு கோயில் இருந்தது, எழுப்புங்கள் என்று நாவலர் 1872 இல் குரல் கொடுத்தார். அந்த மண்ணில் இன்றைக்குப் பல்லாயிரம் பேர் ஒன்றாக ஐந்தெழுத்துச் சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கண் நிறையும்.

அங்கே போனால் பாலாவியில் முழுகி, குடத்தில் தீர்த்தம் மொண்டு, ஈர உடுப்போடு வரிசையில் நின்று, மகாலிங்கப் பெருமானுக்கு உங்கள் கையாலேயே ஊற்றலாம். குருக்களிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டியதில்லை. வரிசை மெல்ல மெல்லத்தான் நகரும், முன்னால் ஒரு கிழவி செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவா, பின்னால் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வருவார், எல்லோருக்கும் வாயில் அதே நாமம். அந்தத் தண்ணீரைக் கவிழ்க்கிற நேரம் சில விநாடிதான். அதற்காக ஒரு இரவு நிற்கலாம்.

ஆனால் நீங்கள் கேட்ட மாதிரி அசையாமல் இருந்து தியானம் செய்ய அது இடமில்லை. நிற்க வேண்டும், நடக்க வேண்டும், மணலில் கிடைத்த இடத்தில் குந்த வேண்டும், மலசலகூடத்துக்கும் வரிசைதான். சலரோகம் உள்ள அம்மாவை அந்த இரவில் கூட்டிப் போகவே வேண்டாம், வேறொரு நாள் ஆறுதலாகக் கூட்டிப் போய்ப் பாலாவியில் கால் நனைக்க விடுங்கோ. திங்கள் வேலை வேறு இருக்கிறது. அந்த அண்ணையிடம் அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்லுங்கோ, ஆனால் கட்டாயம் போங்கோ.


வெள்ளைச்_சப்பாத்து:

நான் தாதியாக வேலை செய்கிறேன், விரதமும் பிடிக்கிறேன், அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என்ன குளிசை என்று பாருங்கோ. மெற்ஃபோர்மின் மட்டும் என்றால் சீனி திடீரென்று இறங்குகிற ஆபத்துக் குறைவு. கிளிக்கிளசைட் மாதிரி ஒன்று சேர்ந்திருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, சாப்பிடாமல் விட்டால் சீனி இறங்கி விழுந்துவிடலாம், அப்படியானவர்கள் உபவாசம் இருக்கவே கூடாது. குளிசையைத் தாங்களாகவே நிற்பாட்டுவதும் கூடாது, அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம், இன்ன நாள் விரதம், எதை எப்போது போடுவது என்று நேரே கேளுங்கோ, அவர்களுக்கு இது புதுக் கேள்வி இல்லை, எங்கள் சனம் கந்தசட்டிக்கும் கேட்கிறதுதான். அன்று மத்தியானம் அவ வழமைபோலச் சாப்பிடட்டும். இரவுக்குச் சீனி போடாத பாலும் ஏதாவது இலேசான சாப்பாடும் எடுக்கட்டும். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி அதற்கும் விரதத்தில் இடம் இருக்கிறது.

மடியில் குளுக்கோசுப் பக்கற் ஒன்று வையுங்கோ. வேர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறினால் சாமிக்கு முன்னால் என்று பார்க்கவேண்டாம், உடனே குடிக்கக் கொடுங்கோ. வீட்டில் சீனி பார்க்கும் மெசின் இருந்தால் கொண்டு போங்கோ, 70 mg/dL க்குக் கீழே என்றால் அன்றைய விரதம் முடிந்தது என்று வையுங்கோ. கல்நிலத்தில் வெறுங்காலோடு இரவிரவாக நடப்பதால் காலில் காயம் உண்டா என்று அடுத்த நாள் கட்டாயம் பார்க்க வேண்டும், சலரோகக்காரருக்கு நோ தெரியாமல் இருக்கும்.

உங்களுக்கும் ஒன்று. விடிய மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள். நித்திரை முழித்தவர் ஓடி விழுந்து காலையில் கொண்டு வருவதைப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. நடந்து போகக்கூடிய கோயிலுக்குப் போங்கோ, அல்லது விடிய யாராவது வந்து ஏற்றட்டும்.


கொக்குவில்_பெடியன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு விபரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாவலர் சொன்ன விதியைக் கேட்டதும், சரி, இலிங்கோற்பவம் வரை இருந்துவிட்டுச் சித்தப்பாவோடு திரும்பி வாறேன் என்று அவவே சொல்லிவிட்டா. குளிசைப் பெட்டியில் கிளிக்கிளசைட் என்றுதான் எழுதியிருக்கிறது, வியாழக்கிழமை கிளினிக், கேட்கிறேன்.

நல்லூரடி அண்ணை சொன்னபடி நேற்றுப் பின்னேரம் போய் விசாரித்தேன். நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்னச் சிவன் கோயில், இரவு பத்துக்குப் பிறகு குழாய் போடமாட்டார்களாம், நான்கு சாமமும் பூசை உண்டு. அந்தக் கோயில் குருக்கள் ஐயா என்னைத் தண்ணீர் அள்ளவும் வரச் சொன்னார். நான் பால் தண்ணீரோடு மட்டும் இருப்பதாக முடிவு செய்திருக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணை எப்போது, என்ன சாப்பிடுவது? திங்கட்கிழமை பகலில் நித்திரை கொள்ளக்கூடாது என்கிறார்களே, சிவராத்திரிக்கு முதல் நாள் சனி இரவு நன்றாக நித்திரை கொண்டால் தாங்குமா? அத்துடன், எனக்குத் தீட்சை இல்லை, பஞ்சாட்சரம் ஜெபிக்கலாமா?


ஓய்வுபெற்ற_வாத்தியார்:

நமசிவாய என்று வாயாரச் சொல்லத் தடை ஒன்றும் இல்லை, சம்பந்தர் முதல் எல்லோரும் அதைத்தானே பாடிக் கொடுத்தார்கள். முறைப்படி எண்ணி ஜெபிப்பதற்கும் பூசைக்கும் சமயதீட்சை வேண்டும். உமக்கு இவ்வளவு விருப்பம் இருப்பதால் இந்த வருடமே குருக்கள் ஒருவரிடம் தீட்சை பெற்றுக்கொள்ளும், யாழ்ப்பாணத்தில் அதற்குக் குறைவில்லை. அதுவரை சிவபுராணம் ஓதும், நாமம் சொல்லும்.

நான்காம் சாமப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து தோய்ந்து, திருநீறு பூசிச் சுவாமி கும்பிட்டு, காலையிலேயே பாரணை செய்ய வேண்டும், வெயில் ஏறும்வரை இழுக்கக்கூடாது. முடிந்தால் ஒருவருக்காவது சாப்பாடு கொடுத்துவிட்டுச் சாப்பிடும்.


பருத்தித்துறை_அக்கா:

பாரணைக்கு முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு குழைந்த சோறும் பருப்பும் உறைப்பில்லாத கறி ஒன்றும் போதும் தம்பி, வெறும் வயிற்றில் உறைப்பும் எண்ணெய்ச் சாமானும் போட்டால் வேலையிடத்தில் வயிறு எரியும். பகல் நித்திரை கூடாது என்பதுதான் எங்கள் வீட்டிலும் வழக்கம், அன்று இருட்டினவுடன் படுப்போம். வேலைக்குப் போவது அதற்கு நல்லது, கதிரையில் இருந்து தூங்காமல் நின்று செய்கிற வேலையாகப் பார்த்து எடுங்கோ. சனி இரவு ஒன்பதுக்கே படுத்து, ஞாயிறு மத்தியானம் வீட்டு வேலை ஒன்றும் இழுத்துப் போடாமல் ஆறுதலாக இருங்கோ, தாங்கும்.

வில்வம் அந்தக் கோயிலில் காணாவிட்டால் சொல்லுங்கோ. எங்கள் வளவில் மரம் நிற்கிறது, சனிக்கிழமை காலையில் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்துவிடலாம்.


நல்லூரடி:

பத்துக்குப் பிறகு குழாய் இல்லாத கோயில் எது என்று எனக்குத் தனிப்பட எழுதி அனுப்பும் தம்பி. நானும் வருகிறேன்.


கொக்குவில்_பெடியன்:

அனுப்பிவிட்டேன் அண்ணை. அக்கா, குருக்கள் ஐயாவிடம் கேட்டேன், வில்வம் போதாதாம், கொடுத்துவிடுங்கோ. சனிக்கிழமை பஸ் நிலையத்தில் வந்து நான் எடுத்துக்கொள்கிறேன், பஸ் வெளிக்கிட்டதும் நேரத்தை மட்டும் சொல்லுங்கோ.